வழக்கறிஞர் விலகினால் முன்பணம் யாருக்கு?

கோர்ட்டுப் படி ஏறாமலேயே காலத்தை ஓட்டிவிட வேண்டும் என்பதுதான் நம் தாத்தா பாட்டிகளின் வேண்டுதலாக இருந்தது. தோட்டத்தில் தகராறு என்றால் கங்காணியையோ கிராணியையோ தொழிற்சங்கத் தலைவரையோ பிடித்துப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். இன்று நிலைமை அப்படியில்லை. விபத்து இழப்பீடு, விவாகரத்து, வேலை நீக்கம், வீட்டு மேம்பாட்டாளரோடு இழுபறி, இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே கிடக்கும் நிலம் என ஏதாவது ஒன்றின் பொருட்டு நம் குடும்பங்களில் பாதிக்கு மேல் ஒரு முறையாவது வழக்கறிஞர் அலுவலகத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் கேட்கப்படுவது முன்பணம். கூட்டு எடுத்தோ நகையை அடகு வைத்தோ மூவாயிரம், நாலாயிரம் வெள்ளியைக் கட்டிவிடுகிறோம். அதன் பிறகு வழக்கு நடக்கிறது. அல்லது நடப்பதாக நம்புகிறோம். திடீரென்று ஒரு நாள், ‘இனி உங்கள் சார்பில் நாங்கள் முன்னிலையாக மாட்டோம்’ என்று கடிதம் வருகிறது. பணம்? ‘அது முடிந்துவிட்டது’ என்று பதில். ஃபைல்? ‘பாக்கியைக் கட்டிவிட்டு எடுத்துச் செல்லுங்கள்.’ அடுத்த வழக்கறிஞரிடம் போனால் அவரும் முதலிலிருந்து ஒரு முன்பணம் கேட்கிறார். விசாரணைத் தேதியோ யாருக்காகவும் நிற்பதில்லை.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள் நான். சட்டத்துறையில் சேர்ந்த பிறகு இந்தச் சொற்களை எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் கற்றேன். வீட்டில் அம்மாவுக்குத் தமிழில் விளக்க முயன்றபோதுதான் சில விஷயங்கள் எனக்கே தெளிவாயின. முக்கியமாக ‘முன்பணம்’ என்ற சொல். அந்த ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு பணங்கள் ஒளிந்திருக்கின்றன. சச்சரவு பெரும்பாலும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

முதல் வகை, பேசி முடித்த மொத்தக் கட்டணம். ‘இந்த வழக்கை விசாரணை முடியும் வரை நடத்தித் தர 9,000 வெள்ளி, அதில் இப்போது 6,000 கட்டுங்கள்’ என்பது இந்த வகை. இரண்டாவது வகை, கணக்கில் வைக்கும் பணம். வழக்கறிஞர் வேலை செய்யச் செய்ய அதிலிருந்து கட்டணத்தையும் செலவையும் கழித்துக்கொள்வார், மிச்சம் நம்முடையது. மூன்றாவது வகை, ஒருவரை நமக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்வதற்காக மட்டும் கொடுப்பது. வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்தப் பணம் அவருடையது. ரிட்டேய்னர் என்ற சொல்லின் பழைய, கண்டிப்பான பொருள் இதுதான். பெரிய நிறுவனங்கள் மாதாமாதம் சட்ட நிறுவனங்களுக்குக் கொடுக்கும் தொகை கிட்டத்தட்ட இந்த வகையைச் சேர்ந்தது. லோரி ஓட்டுநர் ஒருவர் விபத்து வழக்குக்காகக் கட்டும் பணம் நிச்சயமாக இந்த வகை அல்ல. ஆனால் பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது மட்டும் அது மூன்றாவது வகையைப் போலப் பேசப்படுவதுண்டு.

இந்தப் பாகுபாடு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. வழக்கறிஞர்கள் பணத்தை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதற்கு 1990ஆம் ஆண்டின் வழக்கறிஞர் கணக்கு விதிகள் இருக்கின்றன. கட்சிக்காரரின் பணம் கட்சிக்காரர் கணக்கு என்ற தனி வங்கிக் கணக்கில்தான் இருக்க வேண்டும். அலுவலக வாடகை, சம்பளம் எல்லாம் போகும் அலுவலகக் கணக்கோடு அதைக் கலக்கக் கூடாது. கணக்கில் வைக்கும் பணத்தை வழக்கறிஞர் தம் கட்டணமாக எடுத்துக்கொள்ள வேண்டுமானால், முதலில் பட்டியலோ எழுத்து மூலமான அறிவிப்போ கட்சிக்காரருக்குப் போயிருக்க வேண்டும். பேசி முடித்த கட்டணமாக வெளிப்படையாகச் செலுத்தப்பட்ட தொகையோ நேராக அலுவலகக் கணக்கிற்குப் போகலாம். ஆண்டுதோறும் கணக்காய்வாளரின் அறிக்கை இல்லாமல் தொழில் நடத்தும் சான்றிதழைப் புதுப்பிக்க முடியாது என்பதால் இந்த விதிகளுக்குப் பல் உண்டு. எனவே நாம் கொடுத்தது எந்த வகைப் பணம் என்பதை முடிவு செய்வதில் ரசீதில் இருக்கும் இரண்டு மூன்று சொற்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

எங்கள் தாமானில் ஒரு மாமா இருக்கிறார். தொழிற்சாலை விவகாரம் ஒன்றுக்காக நகரத்தில் ஒரு வழக்கறிஞரிடம் மூன்று தவணையில் 4,500 வெள்ளி கட்டினார். ஒன்றரை ஆண்டு கழித்து அந்த அலுவலகம் விலகிக்கொண்டது. ரசீதுகளை என்னிடம் காட்டினார். மூன்றிலும் இருந்தது ‘பயாரான் குவாமான்’ என்ற இரண்டே சொற்கள். சட்டக் கட்டணம், அவ்வளவுதான். எந்த வேலைக்கு, மொத்தம் எவ்வளவு, இது முழுமையா பகுதியா என்று எதுவும் இல்லை. ‘எல்லாம் பேசினோம்மா, நல்லாத்தான் பேசினார்’ என்றார் மாமா. பேசியதை யார் நிரூபிப்பது? வழக்கறிஞருக்கும் அதே சிக்கல்தான் என்பதை அப்போது அவருக்குச் சொன்னேன். நீதிமன்ற வழக்குகளுக்கான கட்டணத்தைப் பேசி முடிவு செய்யும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், கட்சிக்காரர் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்கிறது 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 116ஆம் பிரிவு. எழுத்தில் இல்லாவிட்டால் வழக்கறிஞருக்கு ஒன்றுமே கிடைக்காது என்று இதற்குப் பொருள் அல்ல. ஆனால் ‘பேசிய தொகை இதுதான்’ என்று அவர் அடித்துச் சொல்வதற்கு இடம் குறைந்துவிடுகிறது. செய்த வேலைக்கு நியாயமான தொகை எது என்ற கேள்விக்கு விஷயம் திரும்பிவிடுகிறது.

வீடு வாங்குவதற்கும் வழக்கு நடத்துவதற்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வீடு, நிலம், கடன் பத்திரம் போன்றவற்றுக்கு அரசாங்கம் விகித அட்டவணை வகுத்திருக்கிறது. நீதிமன்ற வழக்குகளுக்கு அப்படிப்பட்ட அட்டவணை கிடையாது. ஆகவே, ‘இந்த வழக்குக்கு இவ்வளவுதான் வாங்க வேண்டும்’ என்று உறவினர் யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி விலகலுக்கு வருவோம். வழக்கறிஞர் நினைத்த நேரத்தில் விலகலாமா? கூடாது என்பதே அடிப்படை. இங்கிலாந்தில் 1894ஆம் ஆண்டு தீர்ப்பளிக்கப்பட்ட அண்டர்வுட் எதிர் லூயிஸ் வழக்கு இதற்கு வேர் எனலாம். ஒரு வழக்கை நடத்த ஒப்புக்கொண்ட வழக்கறிஞரின் ஒப்பந்தம் ஒரே முழு ஒப்பந்தம். தகுந்த காரணமும் போதிய அறிவிப்பும் இல்லாமல் நடுவழியில் இறங்கிவிட்டு, ‘இதுவரை ஓட்டியதற்குக் கூலி கொடு’ என்று கேட்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. கிள்ளானிலிருந்து பினாங்குக்கு வாடகை வண்டி பேசிவிட்டு, ஈப்போவில் ஓட்டுநர் நம்மை இறக்கிவிட்டால் பாதி வாடகை கேட்க முடியுமா? கிட்டத்தட்ட அதே தர்க்கம்தான்.

இங்கிலாந்துத் தீர்ப்பு நமக்கு எப்படிப் பொருந்தும் என்று சட்டம் படிக்காத நண்பர்கள் கேட்கலாம். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் நாள் இங்கிலாந்தில் நடைமுறையில் இருந்த பொதுச் சட்டத்தை, நம் எழுத்துச் சட்டங்களுக்கும் நம் சூழலுக்கும் முரணில்லாத அளவில், தீபகற்பத்திற்கு ஏற்றுக்கொள்கிறது. எனவே 1894ஆம் ஆண்டுத் தீர்ப்பு நம் வீட்டுப் பழைய அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் பொருள். 1956க்குப் பின் வந்த இங்கிலாந்துத் தீர்ப்புகளை நம் நீதிபதிகள் மதித்துப் பார்ப்பார்கள். ஆனால் கட்டுப்பட வேண்டியதில்லை. சபாவிலும் சரவாக்கிலும் வழக்கறிஞர்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. இக்கட்டுரை தீபகற்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

தகுந்த காரணம் என்றால் என்ன? 1978ஆம் ஆண்டின் வழக்கறிஞர் நடைமுறை, ஒழுக்க விதிகளில் இதற்கு வழி காட்டப்பட்டிருக்கிறது. ஒப்புக்கொண்ட கட்டணத்தையும் செலவையும் கட்சிக்காரர் தராமல் இழுத்தடிப்பது ஒரு காரணம். இதை நம்மவர்கள் பலர் ஏற்க மறுக்கிறார்கள். ‘வழக்கு முடியட்டும், தருகிறேன்’ என்பது நம் ஆசையாக இருக்கலாம், ஆனால் ஒப்பந்தத்தில் அப்படி இல்லை என்றால் அது காரணமாகிவிடும். வழக்கறிஞரைப் பொய் சொல்லச் சொல்வது, பொய்யான ஆவணத்தைத் தாக்கல் செய்யச் சொல்வது இன்னொரு காரணம். எதிர்த்தரப்பும் தமக்கு வேண்டப்பட்டவர்தான் என்று வழக்கறிஞர் பிறகு கண்டுபிடிப்பதும் காரணமாகலாம். சொல்லும் ஆலோசனையைக் கேட்காமல் நம்பிக்கையே அற்றுப்போனாலும் சரி. 2010ஆம் ஆண்டில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கைப் பார்த்தது. திட்டமிடல் அனுமதி தொடர்பான மேல்முறையீட்டில், வெல்லவே வாய்ப்பில்லாத வாதங்களைத்தான் முன்வைக்க வேண்டும் என்று கட்சிக்காரர் பிடிவாதமாக நின்றார். வழக்கறிஞர் நிறுவனம் விசாரணைக்குச் சற்று முன்பாக விலகியது. கீழ் நிலைகளில், விலகியது தவறு, எனவே கட்டணம் இல்லை என்று முடிவாயிற்று. மேல்முறையீட்டு நீதிமன்றமோ, அது தகுந்த காரணம்தான், அதுவரை செய்த வேலைக்குக் கட்டணம் உண்டு என்று மாற்றியது. வழக்கு நம்முடையது, பணம் நம்முடையது என்பதற்காக எதையும் வாதாடச் சொல்லலாம் என்பதல்ல.

ஆனால் காரணம் என்று எதையும் சொல்லிவிட முடியாது என்பதும் அதே அளவு உண்மை. வேறு பெரிய வழக்கு வந்துவிட்டது, உங்கள் வழக்கில் லாபம் இல்லை, விசாரணைத் தேதி மோதுகிறது என்பன கட்சிக்காரரின் தவறுகள் அல்ல. இன்னொன்று நம்மிடையே அடிக்கடி நடக்கிறது. ‘உங்கள் கேஸைப் பார்த்த லாயர் வேறு ஆபீசுக்குப் போய்விட்டார்’ என்று சொல்லி அலுவலகமே கையை விரிப்பது. நம் ஒப்பந்தம் பெரும்பாலும் அந்த நிறுவனத்தோடுதான். அங்கே சம்பளத்திற்கு இருந்த இளம் வழக்கறிஞரோடு அல்ல. அவர் போனால் இன்னொருவரை அமர்த்தி வழக்கை நடத்த வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. அதற்காக இரண்டாவது முன்பணம் கேட்டால், எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

பணக் கணக்கை இப்போது போட்டுப் பார்க்கலாம். மேலே சொன்ன 9,000 வெள்ளி ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்வோம். இது நான் விளக்கத்திற்காக எழுதும் கணக்கு. கட்சிக்காரர் 6,000 கட்டியிருக்கிறார். வழக்கறிஞர் உரிமைக்கோரல் மனு எழுதித் தாக்கல் செய்தார், மூன்று முறை வழக்கு மேலாண்மைக்குப் போனார், பிறகு விலகினார். விசாரணை தொடங்கவே இல்லை. அந்த வேலையின் நியாயமான மதிப்பு 3,500 என்றும், தாக்கல் கட்டணம் முதலான கைச்செலவு 400 என்றும் வைத்துக்கொள்வோம். விலகியதற்குத் தகுந்த காரணம் இருந்தால், அவருக்குரியது 3,900. திருப்ப வேண்டியது 2,100. காரணமே இல்லாமல் விலகியிருந்தால், 1894ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வழியில், அந்த 3,500ஐயே அவர் கேட்க முடியாது என்று வாதிடலாம். கட்சிக்காரர்தான் வழக்கறிஞரை மாற்றினார் என்றால்? அதற்கும் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏற்பாடு உண்டு. எழுத்து ஒப்பந்தம் இருந்து, கட்சிக்காரர் நடுவில் வழக்கறிஞரை மாற்றினால், மாற்றம் ஏற்பட்ட சூழ்நிலையைப் பார்த்தே தொகை நிர்ணயிக்கப்படும். வழக்கறிஞரின் அலட்சியமோ வீண் தாமதமோ மாற்றத்திற்குக் காரணம் என்றால் முழுத் தொகையையும் அவர் எதிர்பார்க்க முடியாது. அவர் மீது குற்றமே இல்லாமல் ‘பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன லாயர் இன்னும் கெட்டிக்காரர்’ என்று நாம் மாற்றினால், கணக்கு நமக்குச் சாதகமாக இருக்காது.

ஒப்பந்தத்திலேயே ‘எக்காரணத்தைக் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்திருந்தால் என்ன செய்வது? இதைப் பற்றி எழுதும்போது நியூ யார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1994இல் கூப்பர்மேன் வழக்கில் சொன்னதைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஒரு குற்றவியல் வழக்குக்கு 15,000 டாலர் குறைந்தபட்சக் கட்டணம், தாம் முன்னிலையாவதாக நீதிமன்றத்தில் பதிந்துவிட்டால் அது எக்காரணத்தாலும் திரும்பாது என்று அந்த வழக்கறிஞர் எழுதி வாங்கியிருந்தார். ஒரு மாதத்தில் கட்சிக்காரர் அவரை நீக்கினார், பணம் திரும்பவில்லை. தம் வழக்கறிஞரை மாற்றும் சுதந்திரம் கட்சிக்காரருக்கு உண்டு, திரும்பாத முன்பணம் அந்தச் சுதந்திரத்தைக் கட்டிப்போடுகிறது, ஆகவே அது ஒழுக்க விதிக்கு மாறானது என்றது நீதிமன்றம். அவர் இரண்டாண்டு தொழிலிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். உண்மையில் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1928லேயே வெளியிட்ட ஒழுக்க நெறிகளில், விலகும் வழக்கறிஞர் தெளிவாகச் சம்பாதிக்காத பகுதியைத் திருப்ப வேண்டும் என்று எழுதிவிட்டது. மலேசியாவில் இத்தீர்ப்பு யாரையும் கட்டுப்படுத்தாது. ஆயினும் நியாயமற்ற கட்டண ஒப்பந்தத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரத்தை நம் சட்டமும் நீதிமன்றத்திற்குத் தந்திருக்கிறது. எனவே அச்சடித்த ஒரு வரியைக் கண்டு மலைத்துப்போக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

விலகுவதற்கு ஒரு முறையும் உண்டு. கடிதம் போட்டவுடன் விலகியதாக ஆகிவிடாது. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 64ஆம் கட்டளைப்படி, கட்சிக்காரர் தாமாக வேறு வழக்கறிஞரை அமர்த்தாத நிலையில், வழக்கறிஞர் நீதிமன்றத்தில் விண்ணப்பம் செய்ய வேண்டும். காரணத்தைக் கூறும் சத்தியப் பிரமாணம் அதனோடு இருக்க வேண்டும். அதன் நகல் கட்சிக்காரருக்குச் சேர வேண்டும். நீதிமன்றம் ஆணை பிறப்பித்து அது முறைப்படி அறிவிக்கப்படும் வரை, ஏட்டில் அவர்தான் நம் வழக்கறிஞர்.

நம்மவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். வீடு மாறியிருப்போம், முகவரியைச் சொல்லியிருக்க மாட்டோம். அல்லது மலாயில் வந்த கடிதத்தைக் கண்டு பயந்து, டிவிக்கு மேலே சொருகி வைத்திருப்போம். அந்தத் தேதியில் நாம் நீதிமன்றத்திற்குப் போக வேண்டும். கட்டணச் சச்சரவை அன்று யாரும் தீர்த்து வைக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் புதிய வழக்கறிஞரைத் தேட அவகாசம் வேண்டும், விசாரணைத் தேதியைத் தள்ளி வையுங்கள் என்று நேரில் நின்று கேட்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை. போகாமல் இருந்துவிட்டு, விசாரணை நாளிலும் யாரும் இல்லை என்றால், வழக்கே தள்ளுபடியாகலாம். அதன் பிறகு 2,100 வெள்ளியைப் பற்றிப் பேசி என்ன பயன்?

பணத்தைவிடப் பெரிய ஆயுதம் ஃபைல். செய்த வேலைக்குக் கட்டணம் பாக்கி இருந்தால், அது தீரும் வரை கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வழக்கறிஞருக்குப் பொதுச் சட்டத்தில் உண்டு. இதை அராஜகம் என்று நினைக்கும் உறவினர்களிடம் நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். பட்டறைக்காரர் பழுது பார்த்த காரைக் கூலி வாங்காமல் விடுவாரா? ஆனால் இந்த உரிமை எல்லா நேரத்திலும் ஒரே கனத்தில் இருப்பதில்லை. வழக்கறிஞரை நாம் நீக்கினால் அது முழு பலத்தோடு நிற்கும். அவராக விலகினால் பலவீனமாகிவிடும். இங்கிலாந்தின் கேம்லன் கெமிக்கல் வழக்கில், விலகிய வழக்கறிஞர் ஃபைலைப் புதிய வழக்கறிஞரிடம் ஒப்படைக்க வேண்டும், புதியவர் வழக்கு முடிந்ததும் அதைத் திருப்பித் தருவதாக உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்ற வழி காட்டப்பட்டது. கட்சிக்காரர் நடுக்காட்டில் நிற்கக் கூடாது; பழைய வழக்கறிஞரின் உரிமையும் அழியக் கூடாது. எனவே ‘அவராகத்தான் விலகினார்’ என்பதைக் காட்டும் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு புதிய வழக்கறிஞர் பேசும் தொனியே வேறாக இருக்கும். பாக்கியே இல்லை என்றால் பிடித்து வைக்கும் உரிமையும் இல்லை. ஃபைல் வரத் தாமதமானால், நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட ஆவணங்களின் நகலைப் பதிவகத்தில் கட்டணம் கட்டி எடுக்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

விபத்து வழக்குகளில் மட்டும் இந்தக் கதை சற்றே கோணலாக ஓடுகிறது. ‘இப்போது ஒரு காசும் வேண்டாம், கிடைப்பதில் முப்பது விழுக்காடு கொடுங்கள்’ என்று மருத்துவமனை வாசலிலேயே பேசும் ரன்னர்களை நம் மக்கள் நன்கு அறிவார்கள். வென்றால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தத்தை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 112ஆம் பிரிவு வழக்கறிஞர்களுக்குத் தடை செய்கிறது. ஆக, இப்படிப் பேசிய ஒருவர் நடுவில் விலகிவிட்டு ‘என் முப்பது விழுக்காடு’ என்று உரிமை கொண்டாட இயலாது. ஆனால் அந்தப் பேச்சை நம்பி ஏற்கெனவே ரன்னர் கையில் கொடுத்த ‘டீ காசு’, ‘ரிப்போர்ட் காசு’ எல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது, ரசீதும் இருக்காது. அந்தப் பணத்தைப் பற்றி வழக்கறிஞரிடம் கேட்டால், ‘அப்படி ஓர் ஆளையே எனக்குத் தெரியாது’ என்று பதில் வரும்.

சரி, சச்சரவு வந்துவிட்டது. எங்கே போவது? முதலில் செய்ய வேண்டியது, விவரமான கட்டணப் பட்டியலைக் கேட்டுக் கடிதம் எழுதுவது. என்னென்ன வேலை, எந்தெந்தத் தேதி, எவ்வளவு, கைச்செலவு என்ன, முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்று கேளுங்கள். வழக்கறிஞர் கட்டணத்திற்காக நம் மீது வழக்குப் போடுவதாக இருந்தாலும், பட்டியலைக் கொடுத்து ஒரு மாதம் ஆக வேண்டும். அதற்கு முன் போட நீதிமன்றத்தின் அனுமதி தேவை. பட்டியல் அதிகம் என்று பட்டால், அதை நீதிமன்றப் பதிவாளரிடம் மதிப்பீட்டுக்கு விடலாம். பதிவாளர் ஒவ்வொரு வரியாகப் பார்த்து நியாயமானதை அனுமதித்து மற்றதை வெட்டுவார். இதற்குக் காலவரம்பு உண்டு. பட்டியல் கிடைத்த பிறகு ஆறப்போட்டால் கதவு சாத்தப்பட்டுவிடும். மதிப்பீடு என்ற இந்த வழி இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பலரும் முதலில் ஓடுவது வழக்கறிஞர் ஒழுங்கு நடவடிக்கை வாரியத்திற்கு. இது வழக்கறிஞர் மன்றத்திலிருந்து வேறுபட்ட தனி அமைப்பு. கட்சிக்காரர் பணத்தைத் தவறாகப் பயன்படுத்தியது, கடிதங்களுக்குப் பதிலே தராதது, கணக்குக் காட்ட மறுத்தது போன்ற நடத்தைக் கேடுகளுக்கு அது சரியான இடம். அபராதம், இடைநீக்கம், பெயர் நீக்கம் வரை போகும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆனால் 3,500 நியாயமா 2,500 நியாயமா என்று தராசு பிடிப்பது அதன் முதன்மை வேலை அல்ல. பயனீட்டாளர் தீர்ப்பாயத்திற்குப் போகலாமே என்று கேட்பவர்களும் உண்டு. 2019இல் அதன் வரம்பு 50,000 ரிங்கிட்டாக உயர்ந்த பிறகு இந்த எண்ணம் இன்னும் அதிகமாகிவிட்டது. ஆனால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், தனிச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படும் தொழில்முறையாளர்களின் சேவைகளுக்குப் பொருந்தாது. வழக்கறிஞர்கள் அந்த வகையினர். கைப்பேசிக் கடைக்காரரை அங்கே இழுக்கலாம், வழக்கறிஞரை முடியாது.

திருப்ப வேண்டிய தொகை இவ்வளவு என்று ஒப்புக்கொண்டுவிட்டு, கொடுக்காமல் மட்டும் இழுத்தடிக்கிறார்கள் என்றால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு உரிமைக்கோரல் வழி இருக்கிறது. 2012ஆம் ஆண்டு விதிகளின் 93ஆம் கட்டளைப்படி 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத தொகைகளுக்கு இது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாமல் நாமே பேசலாம். எதிரே நிற்பவர் வழக்கறிஞர் ஆயிற்றே என்று தயங்குபவர்களுக்கு, ஒழுங்காக அடுக்கிய ரசீதுகளே பாதி வாதம் என்பேன்.

வழக்கறிஞர்கள் பக்கமும் பேச வேண்டும், இல்லையேல் நாளை அந்தத் தொழிலுக்கே போகப் போகும் நான் நன்றி கெட்டவளாகிவிடுவேன். பயிற்சிக்காக ஓர் அலுவலகத்தில் இருந்த சில வாரங்களில், கட்டணம் பாக்கி வைத்துவிட்டுத் தொலைபேசி எண்ணையே மாற்றிவிட்டவர்களின் ஃபைல்கள் ஒரு முழு அலமாரியை அடைத்திருந்ததைப் பார்த்தேன். சிறு அலுவலகங்கள் அந்தப் பாக்கியால் உண்மையிலேயே தள்ளாடுகின்றன. தாம் செய்த வேலையைத் தேதி வாரியாகக் குறித்து வைத்திருக்கும் வழக்கறிஞருக்கும், கொடுத்த பணத்தை அதே போலக் குறித்து வைத்திருக்கும் கட்சிக்காரருக்கும் இடையே பெரிய சண்டை வந்ததை நான் அங்கே காணவில்லை. குறிப்பு இல்லாத இருவருக்கு நடுவில்தான் குரல் உயர்ந்தது.

தாமான் மாமாவுக்கு நாங்கள் எழுதிய கடிதம் ஒரு பக்கம்கூட வரவில்லை. மூன்று ரசீதுகளின் தேதியும் தொகையும், விலகல் கடிதத்தின் தேதி, விவரப் பட்டியல் தேவை, மிச்சம் இருந்தால் பதினான்கு நாளில் திருப்பித் தர வேண்டும், ஃபைலைப் புதிய வழக்கறிஞரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பவை மட்டுமே அதில் இருந்தன. குற்றச்சாட்டு ஒன்றுகூட இல்லை; மாமா சேர்க்கச் சொன்ன இரண்டு வாக்கியங்களை நான் எடுத்துவிட்டேன். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை அதே கோப்பில் வைத்தோம். பட்டியல் வந்தது. அதில் அவர் போகவே இல்லை என்று மாமா சொல்லும் இரண்டு நீதிமன்றத் தேதிகளும் இருந்தன. அவற்றை நீதிமன்றப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை இப்போது நடக்கிறது. ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடர 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் தரும் அவகாசம் ஆறு ஆண்டு. மாமாவுக்கு அதில் இன்னும் நாலரை ஆண்டு மீதம் இருக்கிறது.